இருபத்தாறுக்கு இரண்டு

டயரின் பக்கவாட்டில் 26 x 1 3/8 என்று எழுதியிருந்தது. ரப்பரிலேயே வார்த்த எழுத்து. ஒன்பது வருட உப்புக்காற்றுக்கும் சேற்றுக்கும் அழியாமல் இருந்தது. படிக்கத் தெரிந்த எவரும் குனிந்து பார்த்தால் படித்துவிடலாம். அதைப் படித்து முடிக்கக் கரையோரக் கொசுப்புழுக் கண்காணிப்பு வாரியத்தின் காரைக்கால் கிளைக்கு நாற்பத்தொரு நாள் பிடித்தது. முடிவில் தவறாகப் படித்தது.

மெஹர் பானு அந்த வாரியத்தில் ஒப்பந்தப் பணியாளர். கருக்களாச்சேரியில் வீடுவீடாகப் போக வேண்டும். தண்ணீர்த் தொட்டி, டிரம், உடைந்த ஐஸ் பெட்டி, படகுக்கு அணைப்பாகக் கட்டும் பழைய லாரி டயர் என்று எதில் தண்ணீர் நின்றாலும் டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்ததை நோட்டில் எழுத வேண்டும். இதற்காக வாரியம் ஒரு சைக்கிள் கொடுத்திருந்தது. முன் மட்கார்டில் வாரியத்தின் சின்னம்: ஒரு கண், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கொசு. வரைந்தவர் கொசுவைப் பெரிதாகவும் கண்ணைச் சிறிதாகவும் வரைந்துவிட்டதால், கொசுதான் பூதக்கண்ணாடி வைத்துக் கண்ணைப் பரிசோதிப்பதுபோல் இருக்கும்.

வாரியத்தின் சைக்கிளில், இடைவெளியில்லாமல், முந்நூறு பணிநாள் சுற்றிவந்தவர் நிரந்தரப் பணிக்குத் தகுதி பெறுவார் என்பது விதி. நடந்து போனால் அந்த நாள் சேராது. சொந்த வண்டியில் போனாலும் சேராது. ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். ஒன்பது வருடத்தில் அவள் ஒருமுறை 212 வரை போயிருக்கிறாள், ஒருமுறை 261. மாமியார் மவுத்தான அன்று 290. அடக்கம் முடிந்து சைக்கிளை எடுத்தபோது மணி ஐந்தாகி, பணிநேரம் முடிந்துவிட்டது.

இந்த முறை 287 முடித்திருந்தாள். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. நிரந்தரமானால் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு. அவள் கணவர் நூகு ஷார்ஜாவில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு விலகி ஊர் திரும்பி நான்கு வருடம் ஆகிறது. அந்த அட்டை இருந்தால் அறுவை சிகிச்சை செய்யலாம். இல்லாவிட்டால் இப்போதுபோல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், சுவர் முடிகிற இடத்தில் நின்றுகொள்வார்.

288ஆம் நாள் காலை பின்சக்கரம் கருவேல முள்ளில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கருக்களாச்சேரிக்குத் திரும்பும் இடத்தில் பிலோமின்ராஜின் சைக்கிள் கடை இருந்தது. அவர் சைக்கிளோடு வந்த பழைய டியூபை உருவி, தண்ணீர்ச் சட்டியில் முக்கிப் பார்த்துவிட்டு, பதினான்கு ஒட்டு இருப்பதாகச் சொன்னார். "இனி ஒட்டுக்கு மேலதான் ஒட்டணும் தங்கச்சி. ரப்பரே வெந்து போச்சு." பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே டயரை ஒரு பார்வை பார்த்தார். ஆணியில் தொங்கிய பையிலிருந்து 26 x 1 3/8 என்று போட்ட ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். "இருபத்தாறு, ஒண்ணே காலே அரைக்கால். பத்து நிமிஷம் நில்லுங்க."

"வேணாம்ணே. இது வாரிய வண்டி. வெளி டியூப் போடக் கூடாது."

பிலோமின்ராஜ் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "உங்க ஆபீஸ் வண்டியெல்லாம்..." என்று ஆரம்பித்தார். அவள் விதி பதினான்கைச் சொல்லத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டார். "சரி, உங்க இஷ்டம்" என்று பெட்டியைத் திரும்பப் பைக்குள் போட்டார். எதையும் இரண்டாம் முறை சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

விதி பதினான்கு இப்படிச் சொல்கிறது: வாரியத்தின் சைக்கிளில் வாரியம் வழங்காத ஓர் உறுப்பு சேர்ந்தால், சேர்ந்த கணத்திலிருந்து அது வாரியத்தின் சைக்கிள் அல்ல. அதில் போகிறவர் வாரியத்தின் ஆளும் அல்ல. அதாவது, பொழுதுபோகாமல் பிறர் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கிற யாரோ.

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மேற்பார்வையாளர் யேசுராஜ் இருந்தார். அவரைப் பார்த்ததும் பாதி பாரம் இறங்கியது. யேசுராஜும் ஒரு காலத்தில் ஒப்பந்தப் பணியாளர்தான். ஆறு வருடத்துக்கு முன் பணிநிரந்தரம் கேட்டு எல்லோரும் அலுவலக வாசலில் ஷாமியானா போட்டுப் பதினொரு நாள் உட்கார்ந்தபோது அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது நோன்பு மாதம். தினமும் நோன்பு திறக்கும் நேரத்தில் அவருக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தாள். அடுத்த வருடம் அவர் நிரந்தரமாகி, மேஜை கிடைத்து, மேற்பார்வையாளரும் ஆனார். ஆனாலும் ஒவ்வொரு ரமலானிலும் தூக்குவாளியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நிற்பதை மட்டும் விடவில்லை. அதை அவள் பெரிதாக நினைத்திருந்தாள். இப்போது அவருடைய கொழுந்தியாள் ஜூலியட்டும் ஒப்பந்தத்தில் சேர்ந்து, பட்டினச்சேரியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முந்தின நாளோடு 246 நாள் முடிந்திருந்தது.

"நல்லவேளை, வெளியில போடாம வந்தீங்க" என்றார் யேசுராஜ். "போட்டிருந்தா முடிஞ்சிது கதை. டியூப் கேட்டு விண்ணப்பம் குடுங்க பானு. ஃபைல் உசுரோட இருக்கிற வரைக்கும் உங்க நாளும் உசுரோட இருக்கும். எண்ணிக்கை ஒறஞ்சு நிக்கும், ஒடையாது. நீங்க ஒறஞ்சு நிக்கிற வரைக்கும் அந்த எடத்த வேற யாருக்கும் குடுக்க முடியாது. நான் இருக்கேன்ல."

உறைநிலைக்கும் விதி இருந்தது. பழுதான வாகனமும் அதன் ஊழியரும் பிரியக் கூடாது. எனவே மெஹர் பானு காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அலுவலகக் கொட்டகையில் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மூன்றாம் நாள் ஐந்து மணிக்குமேல் அவள் நடந்தே கருக்களாச்சேரிக்குப் போய் நான்கு டிரம்மைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஊழியர் இயங்கினால் உறைநிலை உருகிவிடும் என்று அதில் இருந்தது. அதன்பிறகு அவள் போகவில்லை.

விண்ணப்பத்தில் டியூபின் அளவு என்ற இடத்தில் அவள் டயரைப் பார்த்து 26 x 1 3/8 என்று எழுதினாள். தொழில்நுட்ப அலுவலர் அறிவுமதி அதைக் கணினியில் ஏற்ற முயன்றார். அவர் துணி நெசவில் பட்டம் பெற்றவர், நல்ல மனிதர், யாரையும் காக்கவைப்பதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. கணினியில் அளவுக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முழு எண் மட்டுமே ஏறும். 26 ஏறிவிட்டது. 1 3/8 ஏறவில்லை. 1.375 என்று போட்டுப் பார்த்தார். கட்டம் சிவந்தது.

"அதோட, டயர்ல எழுதியிருக்கிறது கம்பெனி சொல்ற அளவுங்க. நாமளா அளந்ததா ஆகாது. கையேட்டுப்படி அளந்துடறேன், நாளைக்கே முடிஞ்சிடும்" என்றார்.

கையேட்டுப்படி டயரை முழுக் காற்றுடன் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். டயரில் காற்று நிற்க வேண்டுமானால் உள்ளே டியூப் வேண்டும். டியூப் வாங்க வேண்டுமானால் அளவு வேண்டும். அறிவுமதி இதை நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். கொட்டகையில் யேசுராஜின் வாரிய சைக்கிள் நின்றது. அதன் பின் டியூபைக் கடன் வாங்கி மெஹர் பானுவின் டயரில் போட்டுக் காற்றடித்தார். டியூப் பிசகில்லாமல் உட்கார்ந்தது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டபோது ஒரு துள்ளல் இல்லை, சத்தம் இல்லை. டியூபின் மேலேயே 26 x 1 3/8 என்று அச்சிட்டிருந்ததை உள்ளே போகும்போது மெஹர் பானு பார்த்தாள். வாரியம் எப்போதோ ஒருமுறை சரியாக வாங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"சார், இது சரியா இருக்கே. இதே மாதிரி ஒண்ணு வாங்கிடலாமே" என்றாள்.

அறிவுமதி டேப்பைச் சுருட்டிக்கொண்டே வருத்தத்தோடு சிரித்தார். டியூப் பொருந்துவது வேறு, அளவு நிர்ணயமாவது வேறு என்று விளக்கினார். பிறகு காற்றை இறக்கி, டியூபைக் கழற்றி, யேசுராஜின் சைக்கிளில் மாட்டிவிட்டார். அவர் டேப்பில் வந்த அளவு இருபத்தைந்தே முக்கால். அது எந்த டியூபிலும் இல்லாத அளவு என்பதால் விஷயம் குழுவுக்குப் போனது.

டியூப் அளவு நிர்ணயக் குழுவின் தலைவர் கிளை இயக்குநர் ஜவஹர் அலி. மெஹர் பானு விண்ணப்பதாரராக அழைக்கப்பட்டாள். சைக்கிளைப் பிரியக் கூடாது என்பதால் சைக்கிளும் மாடிக்குத் தூக்கி வரப்பட்டு மேஜையோரம் நிறுத்தப்பட்டது. பொதுமக்கள் தரப்பு நிபுணராகப் பிலோமின்ராஜை அழைத்திருந்தார்கள். அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கிரீஸ் கையோடு வந்து, டயரிலேயே எழுதியிருக்கிறதே சார் என்றார்.

இயக்குநர் இதற்காகவே காத்திருந்தவர்போல் நிமிர்ந்தார்.

"எழுதினது யாரு? டயர் கம்பெனி. விக்கிறவன் சொல்ற அளவ ஏத்துக்கிட்டா நாம எதுக்கு? நாளைக்கு வீட்டுக்காரன் என் தொட்டியில புழு இல்லம்பான். அதையும் ஏத்துக்கிறதா? ஒரு வாரியம்னு இருந்தா யார் சொல்றதையும் நம்பக் கூடாது. கண்ணால பாக்குறதையும் நம்பக் கூடாது. முக்கியமா அத நம்பக் கூடாது. பார்த்தாலே தெரிஞ்சிடும்னா, இத்தன பேருக்கு இங்க என்ன வேல?"

அறையில் இருந்த இத்தனை பேரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பிலோமின்ராஜ் சட்டைப்பையிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதான் சார் டியூப். ஒண்ணே காலே அரைக்கால். எனக்கு ஒண்ணும் தர வேணாம். பாவம், இந்தப் பொண்ணு போகட்டும்."

மெஹர் பானு அந்தப் பெட்டியையே பார்த்தாள். கை நீட்டினால் எட்டும் தூரம். இயக்குநர் கைக்குட்டையால் பெட்டியைப் பிடித்துத் தூக்கி, இது ஆதாரம் என்று அறிவித்து, பின்னாலிருந்த பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். காலே அரைக்கால் என்பது கடைத்தெருவில் வழங்கும் வட்டார அளவு என்று குறிப்பேட்டில் பதிவானது.

பாரிஸில் இருக்கும் தன் சாச்சாவிடம் போனில் விசாரித்ததில், இதே டயரை அங்கே 650 என்று சொல்வதாகத் தெரியவந்தது என்றார் இயக்குநர். முழு எண் கிடைத்துவிட்டதே என்று அறிவுமதியின் முகம் மலர்ந்தது. கட்டத்தில் இரண்டு இலக்கம்தான் ஏறும் என்று நினைவு வந்ததும் வாடியது. கடைசியில் இயக்குநரே முடிவைச் சொன்னார்.

"ஒண்ணுன்னு போட்டா அரசாங்கம் கொறச்சுக் குடுத்துச்சுன்னு பேரு வரும். நாம ஏன் கொறைக்கணும்? ரெண்டுன்னு போடுங்க. கூடுதலா குடுத்ததுக்கு இதுவரைக்கும் எந்த அதிகாரியையும் யாரும் கேட்டதில்ல."

"சார், சட்டை தொளதொளன்னு இருந்தா போட்டுக்கலாம்" என்றார் பிலோமின்ராஜ். "இது டயருக்குள்ள போகணும். ரெண்டு இஞ்சு டியூப்பு இந்த டயர்ல மடிஞ்சுதான் உக்காரும். மடிப்புல வெடிக்கும்."

நிபுணர் சட்டை குறித்தும் கருத்துத் தெரிவித்தார் என்று எழுதிக்கொண்டார்கள். அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் தேநீரும் கொடுத்து அனுப்பினார்கள்.

26 x 2 டியூப் புதுச்சேரித் தலைமை அலுவலகத்திலிருந்து வர மேலும் மூன்று வாரம் ஆனது. வந்ததும் வழங்கும் விழா. வாசலில் பேனர் கட்டினார்கள். அதில் இயக்குநரின் படம் பெரிதாகவும், டியூபின் படம் சிறிதாகவும், ஓரத்தில் மெஹர் பானுவின் சைக்கிளும் இருந்தன. டியூபை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். இயக்குநர் பேசினார்.

"கடந்த நாப்பத்தோரு நாள்ல கருக்களாச்சேரியில ஒரு புழு கூடக் கண்டுபிடிக்கப்படல. வாரியத்தோட வரலாற்றுலயே இப்படி ஒரு சாதனை கெடையாது. எப்படி செஞ்சீங்கன்னு தலைமை அலுவலகத்துல கேக்குறாங்க. திட்டமிடல்னு சொல்லியிருக்கேன்."

கைதட்டினார்கள். யேசுராஜ் கொஞ்சம் அதிகமாகத் தட்டினார். மெஹர் பானு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நாற்பத்தொரு நாளும் அவள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கருக்களாச்சேரிக்குப் போனபோது வலைக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டுச் செல்லம் கழுத்துவரை போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் வந்து எட்டு நாள். தெருவில் இன்னும் ஐந்து வீட்டில் காய்ச்சல். "உங்க சைக்கிளுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாங்க" என்றாள் செல்லம். "எங்களுக்கும்தான் சரியில்ல. எங்களுக்கு விழா எடுக்கல." மெஹர் பானு அவள் வீட்டு டிரம்மைத் திறந்து டார்ச் அடித்தாள். புழுக்கள் வெளிச்சத்தைக் கண்டு ஒன்றாகக் கீழே இறங்கின. கவிழ்த்துவிட்டு நோட்டில் எழுதினாள். அதற்காகவும் மறுநாள் விளக்கம் கேட்டார்கள். சாதனை நடந்த பகுதியில் புழு எப்படி வந்தது என்று.

டியூப் பிலோமின்ராஜ் சொன்னபடியே மடிந்துதான் உட்கார்ந்திருந்தது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் தூக்கிப் போடும். அந்தத் தூக்கல் சீட் வழியாக முதுகுத்தண்டில் ஏறும். 289, 290. அவள் குழி கண்ட இடத்தில் உருட்டாமல் சுற்றிக்கொண்டு போனாள். 294. வெயில் ஏறினால் ரப்பர் இளகும் என்று நிழல் பார்த்து ஓட்டினாள். 297. இரவில் நூகு அவள் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். உனக்கும் சேத்து அட்டை வாங்கிடு என்று சொன்னார். 299. பிலோமின்ராஜ் கடையைத் தாண்டும்போது அவர் தலையைத் தூக்கிச் சக்கரத்தைப் பார்ப்பார்.

முந்நூறாவது நாள் காலை, அதே திருப்பத்துக்கு இருநூறடி முன்னால், டியூப் வெடித்தது. மடிப்பில்தான்.

அவள் யேசுராஜுக்குப் போன் செய்து, இன்னொரு விண்ணப்பம் கொடுத்து உறைய வைத்துவிடலாமா என்று கேட்டாள். அவர் இருங்க வரேன் என்று சொல்லி, அரைமணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தார். இறங்கிப் பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார்.

"இன்னொரு குழு, இன்னொரு நாப்பது நாளு. தாங்குவீங்களா பானு? இன்னிக்கி ஒரு நாளுதான. பிலோமின்ராஜ் கிட்ட போட்டுக்கங்க. உள்ள கெடக்குறது யாருக்குத் தெரியப் போவுது."

"விதி பதினாலு இருக்கேண்ணே."

"மேற்பார்வை யாரு? நான்தான. நான் பாக்கலன்னா யாரு பாக்கப் போறா. நூகு பாய நெனச்சுப் பாருங்க."

அவள் நூகுவை நினைத்துப் பார்த்தாள். பிலோமின்ராஜ் பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார். பணிநோட்டில் நேரம் எழுதுவது வழக்கம் என்பதால் பழுது நீங்கிய நேரம் 10.40 என்று எழுதினாள். அன்று பகல் முழுக்கச் சைக்கிள் அவளுக்குக் கீழே இருப்பதே தெரியவில்லை. துள்ளல் இல்லை, சத்தம் இல்லை. சாலை இவ்வளவு வழவழப்பானதா என்று இருந்தது. அறுபத்திரண்டு வீடுகளைப் பார்த்து முடித்தாள். ஐந்து மணிக்கு முந்நூறு.

இரண்டு நாள் கழித்து அவளையும் சைக்கிளையும் மீண்டும் மாடிக்கு அழைத்தார்கள். ஆணையை வாங்கத்தான் அழைக்கிறார்கள் என்று நினைத்து அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தாள். குழுவின் முன்னிலையில் அறிவுமதி லீவர் போட்டு டயரைக் கழற்றி டியூபை உருவினார். அதில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். நாற்பத்தொரு நாள் படிக்க முடியாத எண்ணை இப்போது ஒரே மூச்சில் படித்தார்.

இயக்குநர் தீர்மானத்தை வாசித்தார். அங்கீகரிக்கப்பட்ட அளவு 26 x 2. உள்ளே இருந்தது 26 x 1 3/8. சரியான டியூபின் அளவைக்கூடத் தெரிந்துகொள்ளாத ஒருவர் நிரந்தரப் பணிக்குத் தகுதியானவர் அல்ல. எண்ணிக்கை பூஜ்யம். இதற்கு ஆதாரமாக மேற்பார்வையாளர் யேசுராஜின் எழுத்துப்பூர்வமான புகார் இணைக்கப்பட்டுள்ளது.

புகாரின் நகலை அவளிடம் கொடுத்தார்கள். கடைசியில் தேதியும் நேரமும் இருந்தன. காலை 10.20.

அவள் அதை இரண்டுமுறை படித்தாள். "சார், நான் டியூப் போட்டது பத்து நாப்பதுக்கு. இது பத்து இருபதுக்கு எழுதியிருக்கு."

இயக்குநர் நகலை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் பெருமிதம் தெரிந்தது. "அதான் கண்காணிப்பு. குத்தம் நடந்தப்புறம் கண்டுபிடிக்கிறது போலீஸ் வேல. நாம அதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி இருக்கோம்."

மெஹர் பானு யேசுராஜைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். மேஜைமேல் கிடங்குப் பதிவேடு திறந்து கிடந்தது. வாரியம் தொடங்கிய நாள் முதல் 26 x 2 தவிர வேறு டியூப் வாங்கியதில்லை என்று அறிவுமதி அதைத்தான் சற்றுமுன் படித்துக் காட்டியிருந்தார்.

"அப்போ, அன்னிக்கி அளவெடுக்க யேசுராஜ் அண்ணன் வண்டியிலேந்து ஒரு டியூப் கழட்டினீங்களே" என்றாள். "அதுலயும் ஒண்ணே மூணு பை எட்டுன்னுதான் போட்டிருந்துச்சு. அது யாரு குடுத்தது?"

அறிவுமதி வருத்தத்தோடு தரையைப் பார்த்தார். பிறகு இயக்குநர், அந்த டியூப் அன்று அளவெடுக்கும் கருவியாகப் பயன்பட்டது என்றும், கருவியை விசாரிக்க விதியில் இடமில்லை என்றும் சொன்னார். உருவிய டியூபைக் கைக்குட்டையால் பிடித்துப் பீரோவுக்குள் முதல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.

நிரந்தர ஆணை ஜூலியட்டுக்குப் போனது. அவளுக்கும் அதே நாளில்தான் முந்நூறு முடிந்திருந்தது.

படியில் சைக்கிளை இறக்கும்போது யேசுராஜ் வந்து கேரியரைப் பிடித்து உதவினார். "தப்பா எடுத்துக்காதீங்க பானு. ஜூலியட்டுக்கு இந்த வருஷத்தோட வயசு வரம்பு முடியுது. உங்களுக்கு அடுத்த வருஷமும் இருக்கு" என்றார். அவர் குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

டியூப் இல்லாத சைக்கிளை அவள் ரிம்மில் தள்ளிக்கொண்டு பிலோமின்ராஜ் கடைவரை போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். வாரியத்தின் மற்ற சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் டியூப் போட்டது தான்தான் என்றார். யேசுராஜ் வண்டிக்கு மூன்று முறை. வாரியம் தரும் இரண்டு இஞ்சு டியூபைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சரியானதை மாட்டிக்கொண்டு போவார்கள், யாரிடமும் சொல்லாதீங்க என்பார்கள்.

"ஜூலியட் வண்டிக்கு?"

"போன மாசம்தான்."

"ஏன்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க விதின்னீங்க. உங்க ஆபீஸ்ல எல்லாரும் விதி பேசிட்டுத்தான் தங்கச்சி டியூப் மாட்டிக்குவாங்க. நீங்க பேசினதோட போயிட்டீங்க."

அவள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்று பத்து நிமிடம் நின்றிருந்தால் பதின்மூன்று நாளில் ஆணை கையில் இருந்திருக்கும். 246இல் இருந்த ஜூலியட் 287ஐத் தொட வேண்டிய நாள் நாற்பத்தொன்று. குழு கூடியதும், அளந்ததும், டியூப் புதுச்சேரியிலிருந்து வந்ததும் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிட்டன. ஃபைலை உயிரோடு வைத்திருக்கிறேன் என்று சொன்ன யேசுராஜ் சொன்னபடியே வைத்திருந்தார். தேவை முடிந்த அன்று காலை பத்து இருபதுக்கு அதை முடித்தார்.

திங்கட்கிழமை அவள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். வேறு வேலை இல்லை. எண்ணிக்கை ஒன்று. 26 x 2 டியூப் இன்னொன்று கொடுத்தார்கள், அதைப் பிலோமின்ராஜிடம் கொடுத்துவிட்டு, விதி பதினான்கை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, சரியானதை மாட்டிக்கொண்டாள். நூகு சுவர் முடிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

ரமலான் பிறந்தது. மூன்றாம் நோன்பு அன்று பொழுது சாயும் நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. யேசுராஜ் எப்போதும்போல் தூக்குவாளியோடு நின்றார். எப்போதும்போல் சிரித்தார். ஜூலியட் கூட உங்க கஞ்சியைப் பற்றிக் கேட்டாள் என்றார்.

மெஹர் பானு கதவுக்கு வெளியே வந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அடியில் இரண்டு லிட்டர் என்று அச்சடித்திருந்தது.

"கம்பெனிக்காரன் எழுதினத எப்படிண்ணே நம்புறது" என்றாள். "எவ்வளவு வேணும்னு முழு எண்ல எழுதிக் குடுங்க. கஞ்சி நெறஞ்சிருக்கும்போதுதான் வாளிய அளக்கணும். அளந்து முடியறவரைக்கும் நீங்க வாளிய விட்டுப் பிரியக் கூடாது."

யேசுராஜ் சிரித்தார். சொன்னது நகைச்சுவை என்று நினைத்து, கொஞ்சம் பலமாகவே சிரித்தார். அவள் வாளியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நூகுவுக்கும் தனக்கும் கஞ்சியை ஊற்றி, பேரீச்சம்பழத்தை எடுத்து நோன்பு திறந்தாள். வாசலில் கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் அங்குமிங்கும் நடந்தது, பிறகு ஒருமுறை கதவு தட்டும் சத்தம் கேட்டது, பிறகு மோட்டார் சைக்கிள் கிளம்பியது.

தூக்குவாளியை அவள் முந்தானையால் பிடித்துத் தூக்கி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அது ஆதாரம்.